அத்தான் பூசிய துரு

எங்கள் மாதா கோயிலில், பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில், முழ நீளத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. சாம்பல் நிறம், புதுசு போல. நங்கூரம் தொங்கும் துளைக்கு அடியில் மட்டும் ஒரு துருக்கறை வழிந்து நிற்கும். திருவிழாவுக்கு முன்னால் கோயிலைத் துடைக்கப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

அதைச் செய்தவர் என் கணவரின் அண்ணன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகப் பட்டறையில் பெயிண்டர். எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த சமயம், அவருடைய ஒரே மகன் ஒரு பழைய சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினான். மழைக்காலம் வந்தது, புயல் என்றார்கள். கப்பல் திரும்பவேண்டிய நாள் கடந்தும் திரும்பவில்லை. ஏஜெண்டு ஆபீசில் போய்க் கேட்டால், தெரியாது என்பதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அத்தான் ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டார்: அந்தக் கப்பலைப் போலவே ஒன்று செய்து மாதாவுக்கு வைப்பதாக.

பூவரசங்கட்டையில் செதுக்கினார். செதுக்கியது பெரிதில்லை, பூசியதுதான். முதலில் உடம்பு முழுக்கத் துரு நிறம். அது காய்ந்ததும் ஈரம் தொட்டு அங்கங்கே உப்புக்கல் ஒட்டுவார். அதன்மேல் சாம்பல் பெயிண்ட். அதுவும் காய்ந்தபின் கட்டைவிரலால் உப்பை உதிர்த்தால், அந்த இடமெல்லாம் பெயிண்ட் பொருக்குவிட்டு உள்ளே துரு எட்டிப்பார்க்கும். கயிறு உரசும் விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்ப்பார். தேய்ந்த இரும்பு மினுங்கும். கையில் எடுத்தால்தான் மரம் என்று தெரியும், கனக்காது.

அவர் மனைவிக்கு, அக்காவுக்கு, அது பிடிக்கவில்லை. "மாதாவுக்கு வைக்கிற கப்பலுக்கு யாராவது துருவை அள்ளிப் பூசுவாகளா? ஊரு சிரிக்கும்."

"ஏளா, கடல்ல எத்தனை கப்பல் கெடக்கு! நம்ம பய ஏறினது எதுன்னு அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? மூக்குல அடிபட்ட ஒடுக்கு முதக்கொண்டு வச்சிருக்கேன்," என்றார் அத்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கப்பலைச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் சுவரில் வைத்தார். திருவிழாக் கொடியேறுவதற்கு முன்பு எங்கள் தெருப் பெண்கள் கோயிலைக் கழுவப் போனார்கள். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை விளக்கிய புளியும் செங்கல்பொடியும் அவர்கள் கையில் மிச்சம் இருந்தன. அடுத்த வீட்டு மதினி, "உப்புக்காத்துல எப்படித் துருவேறிக் கெடக்கு பாருங்களா" என்று கப்பலை இறக்கிவைத்துத் தேய்த்திருக்கிறாள். நன்றாகவே தேய்த்திருக்கிறாள்.

"ஏளா, இது கட்டைளா!" என்று இன்னொருத்தி கத்தினபோது பூச்சில் பாதி போயிருந்தது. பயந்துபோய், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையைப் பிடித்தார்கள். அவர் கம்பிக்கதவுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் பெயிண்டை எடுத்துவந்து, ஒரே பூச்சாகப் பூசிவிட்டார். நங்கூரத் துளைக்கு அடியில் மட்டும் அவருடைய பெரிய பிரஷ் நுழையவில்லை.

அத்தான் வந்து பார்த்தார். மதினி அழுதாள். "அழாத. இரும்புன்னு நெனச்சுத்தானே தேய்ச்ச," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். துருவே வேண்டாம் என்றவள்தான். "திரும்பப் பூசிக் குடுங்க. இனி மாதா எதைப் பாத்து அவனைத் தேடுவா?"

"மந்திரிச்சு வச்சாச்சு. குடுத்த நேர்ச்சைல திரும்பக் கைவைக்கக் கூடாது," என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அந்தத் திருவிழாவில் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வந்தபோதும் அவர் முகம் கடல் பக்கமே இருந்தது.

கொடி இறக்கிக் கொஞ்ச நாளில், ஒரு காலையில், மகன் வந்து வாசலில் நின்றான். புயலில் எஞ்சின் பழுதாகி, வடக்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைப் பழுதுபார்க்கக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தார்களாம். "கேப்டன் சும்மா இருக்க விடலப்பா. கப்பல் முழுக்கத் துருவைச் சொரண்டச் சொல்லிட்டான். இப்பம் புதுப் பெயிண்டு, சாம்பக் கலரு. நீங்க பாத்தா அடையாளமே தெரியாது."

அக்கா அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டாள். அத்தான் மகனுடைய கைகளைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணெல்லாம் பழுப்பு. ஒரு விரலைத் தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது போகாது போலிருக்கே" என்றார்.

"புளி கொண்டாரட்டா அண்ணாச்சி?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மதினி. அப்போதுதான் அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

மாதாதான் பெண்கள் கையால் துருவை எடுத்தாள் என்று அக்கா கடைசிவரை சொன்னாள். நான் அவ்வளவு ஆராய்வதில்லை. மாதா தேடினாள், அவன் கிடைத்தான். அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கோயில் துடைக்க வருகிற பெண்களிடம், கப்பலுக்கு உலர்ந்த துணி மட்டும்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்படியும் புதிதாக வருகிற ஒருத்தி அந்தக் கறையை விரலால் அழுத்தித் துடைத்து, விரலைத் திருப்பிப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். விரலில் ஒன்றும் இருக்காது.