முத்திரை வைக்காத கருவி

கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனை அம்மாவிடம். காலையிலேயே வாளியில் ஊறப்போட்ட கயிறு அது. காய்ந்த கயிற்றை அளந்தால் தண்ணீருக்குள் போனதும் நீளம் மாறிவிடும் என்பாள். கூடத்துத் தரையில் இரும்பு டேப் நீட்டிக் கிடந்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்பு நூல் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"முடிச்சு போட்டா சீக்கிரம் முடியுமே" என்றேன்.

"முடிச்சு நீளத்தைத் தின்னுடும். என்ன இன்ஜினியரம்மா, இது கூடவா சொல்லித் தரல?"

நான்கு மீட்டர், நான்கு நூல். நுனியில் ஒரு கிலோ எடைக்கல்லைக் கட்டினாள். ஈரக் கயிற்றைச் சுருட்டி வாசல் கதவின் கொக்கியில் மாட்டினாள். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. திங்கட்கிழமை.

அம்மா முப்பத்திரண்டு வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்தாள். கடைத் தராசு, பெட்ரோல் பங்க் குழாய், துணிக்கடை மீட்டர் கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைப்பது வேலை. அவள் தெருமுனையில் திரும்பும்போதே "எடைக்கல் வருது" என்று கடைக்குக் கடை செய்தி போகும். அவளுக்கும் தெரியும். ஒருமுறை காய்கறிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார்: "ஏம்மா, வீட்டுல புருஷனுக்கும் நிறுத்துத்தான் சோறு போடுவீங்களா?"

"அவரு முத்திரை வாங்கினவரு. நீங்க தட்டை எடுத்து வைங்க."

வீட்டிலும் அதே கதைதான். சமையலறைத் தராசு, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் நகமளவு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் சோதித்த தேதியும் அவள் கையெழுத்தின் முதல் சுழியும். அப்பா பேருந்து ஓட்டுநர். "கல்யாணமான புதுசுல என் வாட்சுல ஒட்டினா. அதுக்கப்புறம்தான் நான் வீட்டுக்கு வந்த நேரத்தை நம்புனா" என்பார்.

இந்த இருவரும் கடலுக்கடியில் போக ஆரம்பித்தது அப்பாவால். அவர் வண்டியில் தினமும் வரும் ஒருவர், காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கக் கற்றுத் தரும் ஸ்கூபா பயிற்சியாளர். ஒரு விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க இருவரும் போனார்கள். சிலிண்டரில் இருந்த காற்றுமானியைக் காட்டி, "இதை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறீங்க?" என்று அம்மா கேட்டாள். அவர் சொன்ன பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை. வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

டைவ் கம்ப்யூட்டர் என்பது மணிக்கட்டில் கட்டும் கருவி. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று பார்த்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்கிடும். அது அதிகமாகி, வேகமாக மேலே வந்தால் உயிருக்கே ஆபத்து. இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எந்த வேகத்தில் மேலே வரலாம் என்று சொல்லும். ஆளுக்கு ஒன்று வேண்டும். அவர்களிடம் பத்தொன்பது வருடமாக ஒன்றுதான் இருந்தது. அதுவும் அம்மா கையில்.

அப்பா எண்களைப் பார்க்கவே மாட்டார். அம்மாவைப் பார்ப்பார். அவளுக்கு எப்போதும் ஒரு முழம் மேலே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆழம் குறைவாக இருப்பவருக்கு ஆபத்து குறைவு. அதனால் அவளுக்குச் சரியான கணக்கு அவருக்கும் சரியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள்.

"வீட்டுல நான் கீழ, தண்ணியில மேல. பேலன்ஸ் ஆயிடுச்சு பாப்பா" என்பார் அப்பா.

மீனைக் கண்டால் அவர் ஏறி இறங்குவார் என்பது வேறு விஷயம். வாழ்நாள் முழுக்கக் கடைக்காரர்களைப் பிடித்தவள், ஒருவர் தராசில் இருவரை நிறுத்தாள். படிக்கும் காலத்தில் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். "தெரியும்டி. அவரு என்னை விட்டு எங்க போயிடப் போறாரு?" என்றாள்.

இந்த வருடம் அவளே கேட்டாள். "கம்ப்யூட்டர் மாத்தணும். நல்லதா பார்த்துச் சொல்லு."

நான் ஆலைகளுக்கு அழுத்தமானிகள் பொருத்தும் வேலை செய்கிறேன். எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஒரே மாதிரி இரண்டு வாங்க வேண்டும் என்றேன். வேறு வேறு தயாரிப்பு என்றால் கணக்கு முறை வேறு. ஒன்று போதும் என்னும், ஒன்று இன்னும் இருக்கலாம் என்னும். அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏழு மாடல். வரிக்கு ஒரு மாடல், எதிரே இரண்டு பத்தி, ஒன்று அவளுக்கு, ஒன்று அப்பாவுக்கு.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பென்சிலை நகர்த்தினாள்.

"இதுல எழுத்து எவ்வளவு பெருசு?"

"உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியுமேம்மா."

"அவருக்குத் தெரியாதே. இது சத்தம் போடுமா?"

"போடும்."

"சத்தம் ஆகாது. வண்டி இன்ஜின் பக்கத்துல உக்காந்து உக்காந்து அவரு காது போச்சு. கையில அதிருமா?"

மூன்று மாடல் அதிரும் என்றேன். பட்டன் எத்தனை என்றாள். ஒன்றே ஒன்று இருப்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு, தனக்கென்று நான் போட்டிருந்த பத்தியை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் அடித்தாள்.

"எனக்குப் பழசு போதும். இன்னும் ஓடுதே."

"ரெண்டும் வேற வேற சொல்லும்மா. அப்ப எதை நம்புவீங்க?"

"எது அதிகமா பயப்படுதோ அதை. அவருது பயந்தாங்கொள்ளியா இருந்தா போதும். அதுல பயத்தைக் கூட்டி வைக்க முடியுமில்ல?"

முடியும். எச்சரிக்கை அளவை இரண்டு படி கூட்டலாம். காட்டினேன். அவளே செய்து பார்த்தாள். திரும்பவும் செய்து பார்த்தாள்.

கூடத்திலிருந்து அப்பா, "என்ன, எனக்குக் கடிவாளம் தேடுறீங்களா?" என்றார்.

"உங்களுக்கு மணி கட்டுறோம்" என்றாள் அம்மா.

நான் சிரித்தேன். அவள் கேட்ட ஒரு கேள்வியும் அவளைப் பற்றியது அல்ல. அது எனக்கு உறைக்கவில்லை. சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தவறான அளவீடு வந்தால் கருவியைத் திட்டாதே, வாசித்த ஆளைப் பார் என்று என் வேலையிடத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்.

பத்து நாளில் பெட்டி வந்தது. அப்பா உடனே கையில் கட்டிப் பார்த்தார். "கழட்டுங்க, சோதிக்காம தண்ணியில இறங்கக் கூடாது" என்றாள். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம் நான்கு மீட்டருக்கு மேல். அளந்த கயிற்றில் கருவியைக் கட்டி இறக்கி, ஒவ்வொரு நூலிலும் நிறுத்தி, அது பதிவு செய்த ஆழத்தோடு ஒப்பிடுவது திட்டம். கருவியில் உப்பு நீர் என்றிருந்ததை நல்ல நீருக்கு மாற்றித் தரச் சொன்னாள். இல்லாவிட்டால் நான்கு மீட்டரை மூன்று புள்ளி ஒன்பது என்று காட்டும், பாவம் அதன் மேல் பழி வரும் என்றாள். ஸ்டிக்கரை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாள். சுழி போட்டாயிற்று. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கயிற்றையும் கருவியையும் எடுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை குளத்துக்கு விடுமுறை. அவளுக்குத் தெரியாமல் போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். திரும்பி வந்து கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "வியாழக்கிழமை பார்த்துக்கலாம்" என்று எனக்கு போனில் சொன்னாள். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை மூச்சு வாங்கினாள். படி ஏறி வந்தேன் என்றாள்.

புதன்கிழமை மருத்துவமனை. வெள்ளிக்கிழமை மதியம் இறந்துபோனாள்.

அடுத்த வாரம் அவள் கோப்புகளை எடுத்தேன். 'வீட்டுக் கருவிகள்' என்று ஒன்று. குக்கர், மிக்ஸி, மின்விசிறி வாரன்டி அட்டைகள். அவற்றுக்கு நடுவே இதயப் பரிசோதனை அறிக்கை. வால்வு கசிகிறது, அறுவை சிகிச்சைக்கு உடல்நிலை இடம் கொடுக்காது, மாடிப்படியைக் கூட முடிந்தவரை தவிர்க்கவும், கடலில் இறங்கவே கூடாது. தேதி பார்த்தேன். நான் அட்டவணை கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு வாரம் முந்தையது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் வாங்கினாளா?"

"ஆமாப்பா."

"என்னைத் தனியா எறங்கச் சொல்லியா?"

"தனியா இல்ல. அந்தப் பயிற்சியாளர்கிட்டப் பேசியிருக்கா. மாசத்துல ரெண்டு தடவை அவரு குழுவோட உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு. துக்கம் கேக்க வந்தப்ப அவரே சொன்னாரு."

அப்பா கருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"சரின்னு சொல்லலையே அவ" என்றார். பெட்டியில் வைத்து மூடினார்.

அவர் கடலுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. பயிற்சியாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். முத்திரை ஆகலை என்கிறார் அப்பா. நான் சோதித்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். என்னிடம் அவளுடையதைவிட நல்ல உபகரணம் இருக்கிறது. அலுவலக அழுத்தக் கலத்தில் வைத்தால் அரை மணி நேர வேலை.

"அதெல்லாம் வேணாம் பாப்பா. அவ குளத்துலன்னு சொன்னா."

போன ஞாயிற்றுக்கிழமை கயிற்றை இறக்கி, வாளியில் ஊறப்போட்டு, டேப்பை நீட்டி அளந்தேன். அப்பா மறுமுனையைப் பிடித்தார். இழுத்துப் பிடித்தார், தளர்த்தச் சொன்னேன். நான்கு நூலும் அதனதன் இடத்தில் இருந்தன. மீண்டும் சுருட்டிக் கொக்கியில் மாட்டினோம்.

ஸ்டிக்கர் பெட்டியின் மூடிக்குள் இருக்கிறது, பின்தாள் உரிக்காமல். குளம் செவ்வாய் தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்.