மலையில் கூப்பிட்ட பெயர்

காரைக்குடியில் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குப் புருஷன் பெயர் வாயில் வராது. நானும் அதில் ஒருத்தி. வங்கி கவுன்டரில் உட்கார்ந்து ஊரார் பெயரையெல்லாம் உரக்கக் கூப்பிடுகிறவள்தான். வீட்டுக்காரர் என்று வந்தால் மட்டும் 'ஏங்க'. கைபேசியில்கூட அவர் எண்ணுக்கு 'வீட்டுக்காரர்' என்றுதான் போட்டிருக்கிறேன். வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் என் மாமியார். கொல்லையில் நின்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டால், வாசலில் பேப்பர் படிப்பவர் எழுந்து ஓடுவார். போன தை மாதம் மாமியார் தவறிப்போனார். அதிலிருந்து இவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

எங்காவது போய்வந்தால் தேவலை என்று நான்தான் அவரைச் சிறுமலைக்குக் கிளப்பினேன். கார் போகிற வரைக்கும் போய், அப்புறம் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் பளியர் என்கிற மலைவாசிகளின் குடியிருப்பு ஒன்று வரும், அதற்கு மேலே உள்ள பாறையிலிருந்து கீழே ஊர்களெல்லாம் தெரியும் என்று அவருடைய நண்பர் சொல்லியிருந்தார்.

குடியிருப்பைத் தாண்டி ஏறும்போதுதான் புளியோதரைத் தூக்குவாளியை நத்தத்தில் டீக்கடையிலேயே அவர் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. எனக்குப் பசி. பசி வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"உங்க ஆத்தா இன்னமும் பின்னாடியே தூக்கிக்கிட்டு வருவாகன்னு நினைப்பா?"

சொன்ன மாத்திரத்தில் எனக்கே சுருக்கென்றது. அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கொஞ்ச நேரம் அவருடைய தொப்பி புதர்களுக்கு மேலே தெரிந்தது. மேகம் இறங்கி மரங்களை மூடியதும் அதுவும் தெரியவில்லை.

பக்கத்துச் சரிவிலிருந்து தலையில் விறகோடு ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தாள். குடியிருப்பைச் சேர்ந்தவள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"மேல போகாதீங்கம்மா. அந்த வளைவுல காட்டுமாடு நிக்குது. கன்னும் கூட இருக்கு. ஆளு கிட்டப் போனா பாயும்."

"எங்க வீட்டுக்காரவுக முன்னாடி போயிருக்காகளே."

அவள் முகம் மாறியது. நான் ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஓடாதீங்க. கூப்பிடுங்க."

"ஏங்க" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். மேலேயிருந்து பதில் சத்தமே இல்லை. கோபத்தில் இருக்கும்போது என் 'ஏங்க' அவர் காதில் ஏறாது. வீட்டில் அதைக் காதில் வாங்காமலே அரை நாள் இருப்பார்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா."

நான் மறுபடியும் 'ஏங்க' என்றுதான் கத்தினேன்.

"பேரு தெரியாதா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

பைத்தியக்காரி, மாடு முட்டிச் சாகக் கொடுத்துவிட்டு யாருக்காக இந்தப் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கப் போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். பெயர் வந்தது. கடைசி எழுத்து தானாகவே இழுத்துக்கொண்டது. அந்தப் பெயரை வேறு மாதிரிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

பதில் இல்லை.

இன்னொரு முறை கூப்பிட்டேன். மேலே எங்கோ கிளை முறிகிற சத்தம். அந்தப் பெண் விறகைக் கீழே போட்டாள். அவ்வளவுதான், போய்விட்டார் என்றே நினைத்தேன். அழுகையோடு மூன்றாவது முறை கத்தினேன்.

"என்ன" என்று ஒரு குரல் கேட்டது.

மேகத்துக்குள்ளிருந்து அடிமேல் அடி வைத்து வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. பத்திரமாக வந்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"முத தடவையே கேட்டுச்சுல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேட்டுச்சு. ஆத்தா கூப்பிட்டாகன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினார். "காட்டுல பேர் சொல்லி எதாச்சும் கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்கக் கூடாது, மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுசன், இல்லாட்டி பேயின்னு அவுகதான் சொல்லிக் குடுத்தாக. அதான் ஒரு எட்டுக்கூட வைக்காம அப்படியே நின்னுட்டேன். நின்ன பெறகுதான் முன்னாடி மாடு மூச்சு விடுறது கேட்டுச்சு."

அந்தப் பெண் விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். குடியிருப்பு வரை கூடவே வந்து, பாதையைக் காட்டிவிட்டுப் போனாள்.

கார் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அவர் மெல்லக் கேட்டார். "இன்னொரு தடவை கூப்பிடுறியா?"

"போங்க. பக்கத்துல நிக்கிற ஆளை யாராச்சும் கத்திக் கூப்பிடுவாகளா?"

அவர் நாலு எட்டு முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கூப்பிட்டேன். கடைசி எழுத்தை இழுத்துத்தான். இந்த முறை ஒரே கூப்பாட்டுக்கு, "ஆத்தா, இந்தா வாரேன்" என்றார்.