அடுப்பக்காவின் கால் மணி நேரம்

எங்கள் பேக்கரி அடுப்பில் பதினெட்டு வருடமாக அடுப்பக்கா ராஜ்ஜியம்தான். தட்டுகளைத் துணி பிடித்துத்தான் வெளியே எடுப்பாள். மேலே மூடிய அலுமினியத் தாளை மட்டும் வெறும் விரலால் சர்ரென்று உரிப்பாள். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"மந்திரமெல்லாம் இல்ல. தாளு மெலிசு. எவ்வளவு கொதிச்சாலும் அது குடிச்ச சூடு கொஞ்சந்தான். விரல் பட்டதும் தீந்துடும்" என்பாள்.

அதே அக்கா, ஜாம் பன்னை மட்டும் கால் மணி நேரம் யாரையும் தொட விடமாட்டாள்.

அந்தக் கால் மணி நேரம் முதலாளியம்மாவின் தம்பிக்குக் கண்ணை உறுத்தியது. எல்லாப் பண்டமும் ஆற ஐந்து நிமிடம் போதும், பார்த்துச் சொல்ல வெப்பமானி இருக்கிறது, அடுப்புக்கென்று தனி ஆள் எதற்கு என்று அறிக்கை எழுதிவிட்டார். அக்காவை என்னோடு அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பத் திட்டம். பெட்டி மடிப்பது என்ன தண்டனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளியம்மாவிடம் அறிக்கையை வாசிக்க வேண்டிய மதியம், அவர் அடுப்படிக்கே வந்து, வெளியே எடுத்து ஐந்து நிமிடமே ஆன ஒரு ஜாம் பன்னின் மேல்தோலில் வெப்பமானியை வைத்தார்.

"நாப்பத்தஞ்சு டிகிரி. ஆறிடுச்சு. என்ன சொல்றீங்க?"

"மேல காத்தடைச்ச ரொட்டி, சார். சட்டுன்னு ஆறிடும். உள்ள இருக்கற ஜாம் ஈரம். நிறைய சூட்டைக் குடிச்சு வச்சிருக்கு. லேசுல இறங்காது."

"ஒரே அடுப்பு, ஒரே நேரம். அதெப்படி வேற வேறயா இருக்கும்?"

"நீங்க படிச்சவங்க" என்றாள் அக்கா. அவள் இவ்வளவு பணிந்து பேசினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவர் பாதிப் பன்னை ஒரே கடியாகக் கடித்தார். அப்புறம் அவர் குதித்த குதியில் வெப்பமானி மாவுக்குள் விழுந்தது. நான் பெட்டிக்குள் தலையை விட்டுச் சிரித்தேன்.

முதலாளியம்மா வந்தபோது தம்பி வாய் நிறைய ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"சரி, நீயே படி" என்று அறிக்கையை அக்காவிடம் நீட்டினார் அம்மா.

அக்கா ஒரு எழுத்து விடாமல் படித்தாள். தன்னை மாற்றச் சொன்ன வரியை மட்டும் இரண்டு முறை படித்தாள். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அம்மா தம்பியைப் பார்த்தார். "ஜாம் பன்னுக்கும் அஞ்சு நிமிஷம் போதுமாடா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்போ அடுப்புக்கு ஆள் வேணுமா, வேணாமா?"

ஐஸ் கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "வேழும்" என்றார்.

அக்கா அதை அறிக்கையின் கடைசியில் எழுதி, கையெழுத்துக்கு அவரிடமே நீட்டினாள்.