பாம்பே சட்னி என்று நினைத்த சீனக் கடுகு

அத்தையைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்குக் கவலை தொற்றிக்கொண்டது. அவர் தங்கைக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளைக்குச் சைனீஸ் என்றால் உயிர் என்று தரகர் எந்த வேளையில் சொன்னாரோ, பஜ்ஜியை விட்டுவிட்டு வெஜ் ரோல் போடுவதென்று முடிவாயிற்று. தொட்டுக்கொள்ளச் சீனக் கடுகு சாஸ். அத்தை செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. மஞ்சள் கடுகை மாவாகத் திரித்து, பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மூடி வைக்க வேண்டும். வெந்நீர் விட்டால் காரம் செத்துவிடுமாம். குழைத்தவுடன் நக்கிப் பார்த்தேன், வெறும் கசப்பு. சற்று நேரம் கழித்து நக்கியபோது மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

"ஒரு துளிக்கு மேல வெக்க வேண்டாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடு கண்ணு," என்றாள் அத்தை. கூப்பிடும்வரை அவள் கூடத்துக்கு வரக்கூடாது. நான் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையை இழுத்துக் கிசுகிசுத்தேன். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். விருந்தாளிக்குத் துளி வைப்பதா? எங்கள் பக்கத்தில் அதைவிட மானக்கேடு கிடையாது. மாப்பிள்ளையின் தாயார் தட்டில் குழிக்கரண்டி நிறைய வைத்தாள்.

மஞ்சளாக இருந்ததால் பாம்பே சட்னி என்று நினைத்தார் போலும், அந்த அம்மாள் ரோலை முழுக்க முக்கி வாயில் போட்டார். கண் சிவந்தது. மூக்கு ஒழுகியது. அப்பா வெளிறிப்போனார்.

"நல்லா இருக்குதுங்க," என்றார் அந்த அம்மாள், கண்ணீரோடு.

அம்மா உள்ளம் குளிர்ந்து அடுத்த கரண்டியை எடுத்தாள். "போதுங்க, போதுங்க" என்றது அவள் காதில் ஏறவேயில்லை. போதும் என்பது விருந்தாளியின் கடமை, வைப்பது நம் கடமை.

அப்போதுதான் மாப்பிள்ளை தன் தட்டைக் குறுக்கே நீட்டினார். "இங்க வையுங்க. எனக்குத்தானுங்க இது ரொம்பப் புடிக்கும்." தாயின் தட்டையும் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டையும் வழித்துச் சாப்பிட்டு முடித்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. குறையாக ஒரு வார்த்தை இல்லை. சமையலறைக் கதவோரம் அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுக்குப் போயிட்டுச் சொல்றோமுங்க," என்று கிளம்பினார்கள். முந்தைய வரன்களும் அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கார் மறைந்ததும் அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இதுவும் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது.

அத்தை மட்டும் நிதானமாக அவர் முன்னால் வந்து நின்றாள். "எனக்குச் சம்மதமுங்கண்ணா."

"அவங்க என்ன சொல்லுவாங்களோன்னு நானே கெதக்குனு உக்காந்திருக்கறேன். உன்னைய ஆரு கேட்டாங்க அம்மணி?" என்றார் அப்பா.

எனக்கும் அத்தை மேல் கோபம்தான் வந்தது. பார்க்க வந்தவர்கள் அவர்கள், பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள், இவள் எதற்கு முந்திக்கொள்கிறாள் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.