ஏழாம் தறிக்கு ராத்திரி வேலை கிடையாது

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதுவது ராம்சங்கரின் பிழைப்பு. அவற்றில் ஒரு கூடத்தின் ஏழாம் தறிக்கு இரவு வேலை ஒதுக்கக் கூடாது என்று முன்பு அவனே ஒரு விதி எழுதியிருந்தான். அந்தக் கூடத்தின் புதிய முதலாளி குற்றாலநாதன் அதை எடுக்கச் சொன்னார். யார் கேட்டு எழுதினோம், எதற்கு என்று அவன் குறித்து வைக்கவில்லை. எடுத்தால் வயர் சூடாகுமோ, சுவருக்கு அப்பால் சத்தம் ஆகாத நோயாளி யாராவது படுத்திருப்பார்களோ என்று மனம் அரிக்க, கூடத்துக்கே போனான்.

“அண்ணாச்சி, ஏழாம் தறி ராத்திரி ஏன் ஓடக் கூடாது?”

தறி ஓட்டும் இசக்கிப்பாண்டி சிரித்தார். “நல்லா கேட்டீரு வே! கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லுதுன்னுதான நாங்க நிப்பாட்டி வச்சிருக்கோம்?”

விதியை எடுத்தான். எடுக்கச் சொன்னவர் குற்றாலநாதன், பழைய காரணம் தெரியாது என்று முதல்முறையாக அது இருந்த இடத்தில் எழுதினான். பொழுது சாய்ந்து ஏழாம் தறி ஓடத் தொடங்கியபோது, வீட்டுக்குப் போகாமல் அதன் அருகிலேயே நின்றான்.