ஒரு டெராபைட்

தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு என் மனைவியால் பேச முடியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அவள் பாடிய வீடியோக்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன. அதுவும் திறப்பதற்கே திணறியது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமாகத் திறக்கும் எஸ்.எஸ்.டி. போடலாமென்று பிரிஞ்சாங் டவுனிலுள்ள கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன்.

“சும்மா நெட் பாக்கறதுக்கு இருநூத்தம்பத்தாறு ஜிபி போதும்லா, அண்ணே. வீடியோ நெறைய இருக்கா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“என் சம்சாரம் பாடுனது பூரா அதுலதான் இருக்கு.”

“அப்ப ஒரு டெராபைட் போட்டுருங்க. இன்னும் எவ்ளோ வேணும்னாலும் சேத்து வைக்கலாம்.”

இனிச் சேர்க்க ஒன்றுமில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இருப்பதில் ஒன்றுகூட விடுபடக் கூடாதென்று பெரியதையே கேட்டேன்.

சாயங்காலம் போனபோது அவர் முகம் சரியில்லை. “பழைய டிஸ்க் காப்பி பண்றப்பவே செத்துப்போச்சு, அண்ணே. ஒன்னுமே எடுக்க முடியல.”

வீட்டில் கம்ப்யூட்டர் நொடியில் திறந்துகொண்டது. மனைவி சிரித்துக்கொண்டே தன் பாட்டுகளைத் தேடினாள். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கே என்று கையை விரித்தாள்.

எல்லாம் போய்விட்டது என்று சொன்னேன். அவள் அழுதபோதும் சத்தம் வரவில்லை.