தங்கச்சிக்கு உளி பிடிக்கத் தெரியாது

மரச்சொப்பு செய்கிற வீட்டில் மரத்தூள் விழாத சோறு ஒரு வேளைகூடக் கிடைக்காது. வீட்டையே பட்டறையாக்கிப் பிழைக்கிற அண்ணாச்சிமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் கடைசல் பட்டறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அப்பா இறந்த பிறகு, அதில் நின்றது நானும் என் தங்கச்சி பேச்சியம்மாளும். குடம், அம்மி, ஆட்டுரல், இட்லிக் கொப்பரை என்று பிள்ளைகள் விளையாடுகிற சாமான்களைக் கடைந்து, மரம் சுற்றும்போதே அரக்கைத் தேய்த்து நிறமேற்றி, பெட்டி பெட்டியாக அனுப்புவோம்.

மூடி உட்காரவில்லை

திருநெல்வேலி டவுனில் கடை வைத்திருந்த வியாபாரி ஒருவர், ஒரு தடவை சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இட்லிக் கொப்பரை ஒன்றிலாவது மூடி உட்கார வேண்டுமே! அந்த வாரம் பேச்சிக்குக் காய்ச்சல், அத்தனையும் நான் கடைந்தது. மரம் சரியாகக் காயவில்லை, அது இது என்று சொல்லிப் பார்த்தேன். மனுசன் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். பட்டறை என் பேரில் இருக்கிறது, ஊரே என்னைத்தான் சொப்புக்காரன் என்கிறது. கடைசியில் அவர், உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்காதபடி, பைய சொன்னார்: "அண்ணாச்சி, தங்கச்சி கடைஞ்சதை மட்டும் எனக்கு எடுத்து வையும். உம்மதை வேற யாருக்காவது குடும் வே."

பெண் பார்க்க வந்தார்கள்

மாப்பிள்ளைக்குச் சாத்தான்குளம். சொந்தமாகச் சைக்கிள் கடை, நல்ல குடும்பம். பட்டறையில் நிற்கிற பெண் என்றால் யோசிப்பார்கள் என்று தரகர் என் காதில் போட்டுவிட்டுப் போனார். போதாதா எனக்கு! கடைசல் இயந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடினேன். பேச்சியின் விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் போக்க மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவோமே என்றாள். நான்தான் ஒரு அதட்டுப் போட்டு வாயை அடைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணும் பட்டறை வேலை செய்யுமா என்று கேட்டார்கள். அவளுக்கு உளி பிடிக்கவே தெரியாது, மரத்தூள் பட்டாலே தும்முவாள் என்று அடித்துவிட்டேன். காப்பித் தட்டோடு நின்ற பேச்சி நிமிர்ந்தே பார்க்கவில்லை. அந்தம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அதான் தம்பி கேட்டேன். உளி பிடிக்கிற பொண்ணு எங்க வீட்டுக்குத் தோதுப்படாது."

ஒரு பெட்டிச் சொப்பு

அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, நான் கடைந்த ஒரு பெட்டிச் சொப்போடு சாத்தான்குளம் போனேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி ஒரு குடத்தை எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு அடுப்படிக்குப் போகிற சாக்கில் என்னிடம் குனிந்து கேட்டாள்: "உளிக்குச் சாணை பிடிச்சு எத்தனை நாளாச்சுண்ணே?"

நல்லது செய்யப் போனேன்

கல்யாணமாகி ஆறு வருசத்தில் சைக்கிள் கடை நொடித்துப் போனது. பட்டறையில் தனக்கு ஏதாவது வேலை உண்டா என்று கேட்க மாப்பிள்ளை வந்தார். பேச்சியும் கூட வந்திருந்தாள். இப்போதாவது அவளுக்கு ஒரு நல்லது செய்வோம் என்று எனக்கு நினைப்பு. உமக்கெதுக்கு வேலை, உம்ம வீட்டுக்காரி உளி பிடித்தால் நான் மூன்று நாளில் கடைவதை ஒரே நாளில் கடைந்து போடுவாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சத்தியமாக, அவளைப் பெருமையாகச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

மாப்பிள்ளை என் பக்கமே திரும்பவில்லை. அவளைத்தான் பார்த்தார். இத்தனை வருசத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டார், செருப்பை மாட்டினார், தெருவில் இறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடிய பேச்சி வாசலில் ஒரு நிமிசம் நின்றாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. "பொய் சொன்னது நீ. இப்பம் கள்ளியா நிக்கது நானுல்லாண்ணே."

மாப்பிள்ளை ஒரு மாதத்தில் சமாதானமாகிவிட்டார், பேச்சிதான் அதன்பிறகு பட்டறைப் பக்கம் வரவே இல்லை. தங்கச்சியைப் பற்றி நான் அடுத்தவர்களிடம் சொன்னது ஆக மொத்தம் ஒரு பொய், ஒரு உண்மை; இரண்டையுமே அவளை ஒரு வார்த்தை கேட்காமல்தான் சொன்னேன்.